மணற்காட்டுக்குப் போன பிறிட்ஜ்

போன விடுமுறைக்கு நாங்கள் ஆறு பேர் மணற்காட்டுச் சவுக்கந்தோப்பில் கூடாரம் அடித்தோம். வெளிநாட்டிலிருந்து மாமா அனுப்பின சின்ன பிறிட்ஜையும் வீட்டு வான் பற்றரியையும் ஒருத்தன் தூக்கிக்கொண்டு வந்தான். "இனி ஐஸ் தேடி அலையத் தேவையில்லை மச்சான்." பின்னேரம் ஆறு மணிக்குப் பூட்டினது, விடிய மூன்றுக்குச் சிவப்பு லைற் எரிந்து நின்றுவிட்டது. கோழி பழுதாகமுதல் அந்த இருட்டிலேயே அடுப்பு மூட்டினோம்.

பற்றரியைத் திட்டிப் பிரயோசனமில்லை. நாங்கள் கணக்குப் பார்க்கவில்லை (கலைப்பீடம்தானே). 12 வோல்ற், 40 அம்பியர்-மணி என்றால் 480 வாற்று-மணி. ஆனால் ஈய-அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் உறிஞ்சினால் அது கெதியாய்ச் செத்துப்போகும். ஆக, கையில் 240தான். பிறிட்ஜ் ஓடும்போது 45 வாற்று இழுக்கும். வெயிலில் கிடந்த சோடாப் போத்தல்களை அப்படியே உள்ளே அடைந்ததால் முதல் மூன்று மணித்தியாலம் நிற்காமல் ஓடி 135ஐ முடித்துவிட்டது. மிச்சத்தில் விட்டுவிட்டு ஓடியும் ஆறு மணித்தியாலம்தான்.

சோலர் பூட்டினால் சரிதானே என்பார்கள். எங்கட வெக்கைக்கு அந்தப் பிறிட்ஜ் ஒரு நாளைக்கு 430 வாற்று-மணி அளவில் கேட்கும். 100 வாற்றுப் பலகை, சூடும் தூசியும் சரிவும் போக, நல்ல வெயிலில் 350 தந்தாலே பெரிசு. அதோடு கூடாரத்துக்கு நிழல் வேணும், பலகைக்கு வெயில் வேணும். இடையில் மெல்லிய வயரை நீட்டினால் வோல்ற் விழும். 200 வாற்றும் நல்ல லித்தியம் பற்றரியும் வாங்குகிற காசுக்கு எத்தனை றிப்புக்கு ஐஸ் வாங்கலாம்!

இரண்டு இரவுக்கு றெஜிபோம் பெட்டி போதும் என்பதுதான் என்ர கட்சி. ஒரு கிலோ ஐஸ் உருக 93 வாற்று-மணி வெப்பம் வேணும். பத்துக் கிலோ போட்டு, மூடியைச் சும்மா சும்மா திறக்காமல் விட்டால் ஒரு நாளைக்கு மேலே தாங்கும். கரையில் மீன்காரர் இதைத்தானே செய்யினம்.

பிறிட்ஜ் வேண்டாம் என்று சொல்லவில்லை, இடம்தான் பிழை. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கறண்ட் நின்றபோது அம்மம்மாவின்ர இன்சுலினை ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள் வைத்தோம். திறக்காத இன்சுலினுக்கு 2 முதல் 8 பாகை வேணும். எங்கட கடற்கரை ஈரக்காற்றில் பானை அவ்வளவுக்கு இறங்காது. ஐஸில் நேரே வைத்தாலும் ஆபத்து, உறைந்தால் மருந்து பழுது. அன்றைக்கு ஒழுங்கைக்கு ஒரு சோலர் பிறிட்ஜ் இருந்திருந்தால்?

சனசமூக நிலையக் கூரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இன்சுலின் மட்டும் வைக்கிற பிறிட்ஜை அடிக்கடி திறக்கத் தேவையில்லை, சூடான சோடாவும் உள்ளே போகாது. செலவைப் பத்து வீடு பங்கு போடலாம். நண்பனிடம் அந்தப் பிறிட்ஜைக் கேட்டுப் பார்த்தேன். மாமாவைக் கேட்டுச் சொல்லுறன் என்றிருக்கிறான்.