வேனுக்குக் காற்றா, தண்ணீரா?

வல்வெட்டித்துறை, பருத்தித்துறைப் பக்கம் மீன் எடுக்கப் போகும் நம் வியாபாரிகள் மத்தியில் ஒரு கேள்வி அடிபடுகிறது. டேர்போ உள்ள டீசல் வேனுக்கு இன்டர்கூலர் பூட்டுவதென்றால் காற்றில் ஆறுவதைப் பூட்டுவதா, தண்ணீரில் ஆறுவதைப் பூட்டுவதா? இது கராஜ்காரர் பேச வேண்டிய விடயம் என்று சிலர் நினைக்கலாம். ஆனால் காசு கொடுப்பவர் வியாபாரி. நடுவழியில் வேன் நின்றால் நஷ்டப்படுபவரும் அவரே. ஆகவே வியாபாரப் பக்கத்தில் இதை எழுதுவது பொருத்தமானதே.

இந்தக் கேள்வி இவ்வளவு பெரிதானதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடங்களில் இருந்த வேனைக் காப்பாற்றி ஓடுவதைத் தவிர நமக்கு வேறு வழி இருக்கவில்லை. திறந்த பிறகும் வரியோடு சேர்த்து விலையைக் கேட்டால் சிறு வியாபாரி பின்வாங்கத்தான் செய்கிறார். டீசலின் கதை இன்னொன்று. 2022 ஜூன் மாதக் கடைசியில் ஒரு லீற்றர் 460 ரூபாவுக்குப் போனதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பழைய டொல்பின் வேனில் ரீகண்டிஷன் டேர்போ இயந்திரம் இறக்கியவர்களும், டேர்போவோடு வந்த வேனை வைத்திருப்பவர்களும் இன்டர்கூலரைப் பற்றி யோசிக்கத் தொடங்கியது இப்படித்தான்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். இங்கே பேசுவது இயந்திரத்தை ஆற்றும் ரேடியேட்டரைப் பற்றி அல்ல. அந்த வழக்கு எப்போதோ முடிந்துவிட்டது. 1950இல் வந்த வொக்ஸ்வாகன் வேன் காற்றிலேயே ஆறும் இயந்திரத்தோடு முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. 1980களின் தொடக்கத்தில் அந்தக் கம்பனியும் தண்ணீருக்கு மாறிவிட்டது. நாம் பேசுவது டேர்போ இயந்திரத்துக்குள் தள்ளும் காற்றை ஆற்றுவது பற்றி.

டேர்போ செய்யும் வேலை எளிமையானது. புகையின் வேகத்தில் ஒரு சக்கரம் சுழன்று, வெளிக்காற்றை அமுக்கி இயந்திரத்துக்குள் தள்ளுகிறது. சைக்கிள் பம்பால் காற்றடித்தால் பம்பின் அடி சுடுவது போல, அமுக்கிய காற்றும் சூடாகும். நம் ஊர் மத்தியான வெயிலில் 32 பாகையில் உள்ளே போகும் காற்று, டேர்போவை விட்டு வெளியே வரும்போது 100 பாகையைத் தாண்டிவிடும். சூடான காற்று ஐதானது. அதில் டீசலை எரிக்கும் ஒட்சிசன் குறைவு. அதை 55 பாகை அளவுக்கு ஆற்றினால் அதே இடத்துக்குள் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து வீதம் கூடுதல் காற்று கொள்ளும். டீசல் சரியாக எரியும், புகை குறையும். எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே சூடு தணிவதால் சிலிண்டர் ஹெட்டும் பிஸ்டனும் பிழைக்கும். நமக்கு வேண்டியது இந்தக் கடைசி இலாபம்தான். வேனைப் பந்தயக் காராக்குவது நம் நோக்கமல்ல.

இனி வல்வெட்டித்துறைக்கு வருவோம். அந்த ஊர்க்காரருக்குக் காற்றையும் தெரியும், தண்ணீரையும் தெரியும். அங்கே 1930இல் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல், விற்கப்பட்டுப் பெயர் மாற்றப்பட்ட பின் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகம் வரை போய்ச் சேர்ந்தது. இன்று அவர்கள் நம்புவது இயந்திரத்தை. மீன் நிறுத்துக்கொண்டிருக்கும்போது ஒரு படகுக்காரத் தம்பி என்னிடம் கேட்டார்: “நானா, கடலில எங்கட எஞ்சினைத் தண்ணிதானே ஆத்துது. உங்கட வானுக்கு மட்டும் காத்துப் போதுமோ?”

“தம்பி, உங்கட படகுக்குக் கீழ கடல் கிடக்குது. என்ட வேனுக்குக் கீழ தார் ரோட்டுத்தான் கிடக்குது” என்றேன்.

பேச்சுக்குச் சொன்ன பதிலல்ல அது. விடயமே அதில்தான் இருக்கிறது. படகின் வெளியிணைப்பு இயந்திரம் கடல் நீரைக் கீழிருந்து உறிஞ்சி, சூட்டை அதில் ஏற்றி, வெளியே துப்பிவிடுகிறது. ஒருமுறை சூடான தண்ணீர் திரும்பி வருவதில்லை. பெரிய கப்பல்களில் டேர்போக் காற்றை ஆற்றுவதும் தண்ணீர்தான். அது முற்றிலும் சரியான ஏற்பாடு. வேனில் நாம் கொண்டுபோகும் கடலோ ஐந்து லீற்றர்.

அந்த ஐந்து லீற்றருக்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டரை லீற்றர் டீசல் இயந்திரம் பாரத்தோடு 2,500 சுற்றில் ஓடும்போது, அதன் டேர்போக் காற்றிலிருந்து எடுக்க வேண்டிய சூடு மூன்றரை, நான்கு கிலோவாட். வீட்டில் தேத்தண்ணீருக்கு வைக்கும் மின்கேத்தல் இரண்டை ஒன்றாகப் போட்ட மாதிரி. ஐந்து லீற்றர் தண்ணீரில் அந்தச் சூட்டைத் தொடர்ந்து ஏற்றினால் மூன்று நிமிடத்தில் 30 பாகை ஏறிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். மிச்ச வழிக்கு என்ன செய்வது? அந்தத் தண்ணீரை ஆற்ற வேனின் முன்னால் இன்னொரு சிறிய ரேடியேட்டர் வைக்க வேண்டும். அதை ஆற்றுவது யார்? காற்றுத்தான். ஆக, வேனில் எதைப் பூட்டினாலும் கடைசியில் சூட்டைக் கொண்டுபோவது காற்றே. தண்ணீர் நடுவில் நிற்கும் தரகர். தரகர் வேண்டிய வியாபாரமும் உண்டு, வேண்டாத வியாபாரமும் உண்டு.

தண்ணீருக்கு நியாயமில்லை என்று நான் சொல்லவில்லை. நம் வேன்களில் இயந்திரம் சீற்றுக்குக் கீழே இருக்கிறது. முன்னால் காற்றுப் படும் இடத்துக்கும் இயந்திரத்துக்கும் இடையில் தடித்த குழாய் போக இடம் கிடைப்பது கஷ்டம். தண்ணீர்க் குழாய் மெல்லியது, எந்தச் சந்திலும் வளைத்துக் கொண்டுபோகலாம். இடநெருக்கடிக்காகப் பெரிய கம்பனிகளும் இந்த வழிக்குப் போயுள்ளன. 1994இல் வந்த டொயோட்டா செலிக்கா ஜி.டி.-போர் காரில் தண்ணீர் இன்டர்கூலர்தான். வொக்ஸ்வாகனின் 1.4 லீற்றர் டி.எஸ்.ஐ. இயந்திரத்திலும் அப்படியே. ஆனால் அவை தொழிற்சாலையில் திட்டமிட்டுச் செய்தவை. கராஜில் கிடைத்த சாமானைப் பொருத்திச் செய்தவை அல்ல.

வியாபாரி கேட்க வேண்டிய கேள்வி, எது அதிகம் ஆற்றும் என்பதல்ல. பழுதானால் எது எப்படிப் பழுதாகும் என்பதே.

காற்று இன்டர்கூலரில் ஓடும் பாகம் ஒன்றுமில்லை. குழாய் கழன்றால் சத்தம் கேட்கும், கரும்புகை வரும், இழுவை குறையும். கிளிப்பை இறுக்கி, மெதுவாகவேனும் ஊர் போய்ச் சேரலாம். தண்ணீர் இன்டர்கூலரில் மின் பம்ப், வயர், பியூஸ், தாங்கி, இரண்டாவது ரேடியேட்டர், நாலைந்து குழாய் என்று எண்ணிக்கொண்டே போகலாம். பம்ப் நின்றால் சாரதிக்குத் தெரியாது. வேன் ஓடிக்கொண்டேயிருக்கும், உள்ளே சூடு ஏறிக்கொண்டேயிருக்கும். இன்டர்கூலருக்குள்ளே கசிவு வந்தால் அதைவிட மோசம். ஓடும்போது டேர்போவின் அழுத்தம் தண்ணீரைத் தள்ளி வைத்திருக்கும். இரவு நிறுத்தி வைத்த வேளையில் தண்ணீர் மெல்ல இயந்திரத்துக்குள் இறங்கும். தண்ணீரை அமுக்க முடியாது. விடியற்காலையில் ஸ்டார்ட் செய்யும்போது கொனெக்டிங் ரொட் வளைந்தால் முழு இயந்திரமும் போய்விடும்.

குடாநாட்டுத் தண்ணீரையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கேத்தலில் வெள்ளையாகப் படிவதை நாம் தினமும் பார்க்கிறோம். அதே தண்ணீரை ஊற்றினால் இன்டர்கூலரின் மெல்லிய துவாரங்களிலும் அதுதான் படியும். மறுபக்கம், கடலோரத்து உப்புக் காற்று காற்று இன்டர்கூலரின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். ஆனால் அதை நல்ல தண்ணீரால் கழுவிவிடலாம். கண்ணுக்குத் தெரியும் நோய்க்கு மருந்து இலகு.

நம் பயணத்தின் தன்மையும் காற்றின் பக்கமே நிற்கிறது. குடாநாட்டில் மலையில்லை. ஏ-9 வீதியில் வேன் ஒரே வேகத்தில் மணிக்கணக்காக ஓடும். காற்று தாராளமாகக் கிடைக்கும். கொழும்பு நெரிசலில் காற்று குறைவுதான். ஆனால் அங்கே டேர்போவுக்கும் வேலை குறைவு. ஆகவே, முன்பக்கம் குழாய் கொண்டுபோக வழியுள்ள எந்த வேனுக்கும் காற்று இன்டர்கூலரே ஏற்றது என்பது எனது உறுதியான கருத்து. வழியே இல்லாவிட்டால் மட்டும் தண்ணீர்.

பூட்டத் தீர்மானித்தவர்கள் சில விடயங்களைக் கவனியுங்கள்.

முதலில் அளந்து பாருங்கள். ஒரு சிறிய வெப்பமானியைக் காற்றுக்குழாயில் வைத்து, பாரம் ஏற்றி, மத்தியான வெயிலில் ஒரு ஓட்டம் ஓடுங்கள். டேர்போவின் அழுத்தம் குறைவாகவும் சூடு 60, 70 பாகைக்குள்ளும் இருந்தால் இன்டர்கூலருக்குக் கொட்டும் காசை ரயருக்குக் கொடுக்கலாம்.

காற்று இன்டர்கூலரை ரேடியேட்டரின் முகத்தை மூடி வைக்காதீர்கள். டேர்போக் காற்றை ஆற்றப்போய் இயந்திரத்தைக் கொதிக்க வைத்த கதையாகிவிடும். பம்பருக்குக் கீழேயோ பக்கவாட்டிலோ வையுங்கள். சீற்றுக்கு அடியில், இயந்திரத்தின் தலைக்கு மேல் வைத்து ஒரு விசிறியைப் பூட்டித் தருகிறேன் என்பவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். அடுப்பின் மேல் ஆறப்போட முடியாது.

தண்ணீர்தான் என்றால், இயந்திரத்தின் ரேடியேட்டர் தண்ணீரோடு அதைச் சேர்க்கவே கூடாது. அது 80, 90 பாகையில் சுற்றும் தண்ணீர். தனி ரேடியேட்டர், தனித் தாங்கி, கூலன்ட், பம்ப் நின்றால் சாரதிக்குக் காட்டும் எச்சரிக்கை விளக்கு ஆகிய நான்கும் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

இன்டர்கூலர் பூட்டிய கையோடு டீசல் பம்பைக் கூட்டி வைக்கச் சொல்லும் ஆசை பலருக்கு வரும். ஆற்றி மிச்சம் பிடித்த சூட்டை அது திரும்பவும் ஏற்றிவிடும். இயந்திரத்தையே மாற்றியவர்கள் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவதையும் காப்புறுதிக் கம்பனிக்கு அறிவிப்பதையும் தள்ளிப்போட வேண்டாம். விபத்து நடந்த பிறகு கடிதம் எழுதிப் பயனில்லை.

ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் கரைவதற்கு ஒரு நேரம் உண்டு. அந்த நேரத்துக்குள் மீன் சந்தைக்குப் போக வேண்டும். பெட்டியிலுள்ள மீனில் பாதிக்கு இன்னும் காசு கொடுபட்டிருக்காது. கடலுக்குப் போனவரின் உழைப்பு அது, நம்மிடம் இருக்கும் அமானிதம். ஆகவே, கராஜில் அதிக விலைக்கு எது கிடைக்கிறது என்று பார்க்காதீர்கள். அதிகாலை இரண்டு மணிக்கு, கராஜ் எதுவும் திறந்திராத வீதியில், உங்கள் சாரதி தன் கையாலேயே சரிசெய்யக்கூடியது எதுவோ, அதைப் பூட்டுங்கள்.