கல்யாணம் மருந்தல்ல

ஊர் மக்களுக்கு, துபாயிலிருந்து ஒரு சபராளியின் சலாம்.

யாரோ தன்னைப் பின்தொடர்வதாகப் பயந்து, காதில் குரல் கேட்பதாகச் சொல்லி, இரவெல்லாம் விழித்துக் கிடக்கும் பையன்களை இங்கே நம் அறைகளில் பார்க்கிறோம். வேலை போனதும் டிக்கெட் எடுத்து ஊருக்கு அனுப்பிவைக்கிறோம். அங்கே வந்து இறங்கினால் ஜின் என்கிறீர்கள், செய்வினை என்கிறீர்கள். அடுத்த மாதமே, "ஒரு கல்யாணத்தை முடித்துவிட்டால் சரியாகிவிடும்" என்று பெண் பார்க்கக் கிளம்புகிறீர்கள்.

இவை மனச்சிதைவு என்ற மனநோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அந்த நோய் பெரும்பாலும் தலைகாட்டுவது பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான். வரன் தேடும் வயதும் அதுவே. அதனால்தான் இரண்டையும் முடிச்சுப் போடுகிறோம். ஆனால் நிக்காஹ் அந்த நோயைக் குணமாக்காது. பெண் வீட்டாரிடம் மறைக்கிறோம். மாத்திரை அவள் கண்ணில் பட்டுவிடுமே என்று மருந்தை நிறுத்துகிறோம். நோய் திரும்பியதும், "இவள் கால் வைத்த நேரம்" என்கிறோம். இது பெரிய அநியாயம். சிகிச்சை எடுத்துத் தேறியவர் தாராளமாக மணம் முடிக்கலாம், வரும் பெண்ணுக்கு எல்லாம் தெரிந்திருந்தால்.

மாத்திரைக்கு அடிமையாகிவிடுவான் என்ற பயமும் வேண்டாம். மனச்சிதைவுக்குத் தரும் மருந்துகள் போதையாகப் பற்றிக்கொள்பவை அல்ல. தூக்கம் வரும், உடம்பு கனக்கும். மருத்துவரிடம் சொன்னால் அளவையோ மருந்தையோ மாற்றுவார். முழுப் பலன் தெரியச் சில வாரமாகும். நாமாக நிறுத்துவதுதான் ஆபத்து.

கட்டிப்போடுவதும் தீர்வல்ல. மனநோயாளிகளைக் கூட்டிச்செல்லும் தர்கா இருக்கிற ஏர்வாடி நமக்குப் பக்கம்தானே. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் அங்கே ஒரு மனநோயாளிகள் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், நோயாளியை எந்த வகையிலும் சங்கிலியால் பிணைக்கக்கூடாது என்கிறது. இதற்குப் பிறகும் "அவன் நன்மைக்குத்தான் கட்டி வைத்திருக்கிறோம்" என்று எவரும் சொல்லக்கூடாது.

தர்காவுக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அந்த ஏர்வாடியிலேயே துவாவோடு மருந்தும் கிடைக்க அரசு ஏற்பாடு செய்திருக்கிறது. ஓதுங்கள், மாத்திரையும் கொடுங்கள்.

என்னோடு சபரில் இருப்பவர்களே, கல்யாணச் செலவுக்குப் பணம் கேட்டு வீட்டிலிருந்து போன் வந்தால், பையனை மருத்துவரிடம் காட்டினார்களா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைக்கச் சொல்லுங்கள். கட்டணமில்லை, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தேதி குறித்த வீடாக இருந்தாலும் கல்யாணத்தைத் தள்ளிவைக்கச் சொல்லுங்கள்.