கம்பெனியை மாற்றும் உரிமை

வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இணையத்துக்கும் இப்போதுள்ள கம்பெனியிலேயே இருப்பதா, வேறு கம்பெனிக்கு மாறுவதா என்னும் ஆலோசனை இன்று தமிழ்நாட்டில் நகரம், கிராமம் என்ற பேதமின்றிக் குடும்பங்கள்தோறும் நடைபெற்று வருகிறது. மாதம் சில நூறு ரூபாய்ச் சமாசாரந்தானே, இதைப் பற்றிப் பத்திரிகை எழுத வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டும் என்பதே நமது பதில். ஜனங்கள் நாட்டு நடப்பை எந்தக் கம்பியின் வழியாக அறிகிறார்களோ, அந்தக் கம்பிக்குச் சொந்தக்காரர் யார் என்பது ராஜீய விஷயம். அவரை வேண்டாமென்று சொல்லி விலகும் சக்தி குடித்தனக்காரனுக்கு உண்டா என்பது அதனினும் பெரிய ராஜீய விஷயம்.

தமிழ்நாட்டின் அநுபவமே இதற்குத் தக்க சான்று. சன் குழுமத்தைச் சேர்ந்த சுமங்கலி கேபிள் விஷன் சென்னை முதலிய நகரங்களில் கேபிள் விநியோகத்தில் எவ்வளவு செல்வாக்குப் பெற்றிருந்தது என்பதை அக்காலத்தில் டெலிவிஷன் வைத்திருந்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். நிகழ்ச்சியைத் தயாரிப்பவரும் அதைக் கொண்டுவரும் கம்பிக்கு உடையவரும் ஒரே குடும்பத்தினர். ஆளுங்கட்சித் தலைமைக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு நேர்ந்த 2007 ஆம் ஆண்டில்தான் அரசு கேபிள் கார்ப்பொரேஷன் தோன்றியது. பிணக்குத் தீர்ந்தது, கார்ப்பொரேஷனும் உறங்கிவிட்டது. 2011 இல் ஆட்சி மாறிய பிறகு அது மீண்டும் எழுப்பப்பட்டு, மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்களை அளிக்க முற்பட்டது. ஏழைகளுக்கு அது உபகாரமாயிருந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஆட்சியில் இருப்போருக்கு உவப்பில்லாத செய்திச் சேனல் அரசு கேபிளிலிருந்து மறைந்துவிட்டது, அல்லது எளிதில் எட்டாத எண்ணுக்குத் தள்ளப்பட்டது என்ற முறையீடு ஒன்றுக்கு மேற்பட்ட முறை எழுந்ததுண்டு. தனியார் ஏகபோகத்தை ஒழிக்க சர்க்கார் ஏகபோகம் மருந்தாகாது என்பதே இதனால் நாம் அறிய வேண்டிய பாடம்.

இப்போது அரங்கம் இன்னும் விரிந்துவிட்டது. 2019 செப்டம்பர் 5 ஆம் தேதி ரிலையன்ஸ் கம்பெனி ஜியோ ஃபைபர் சேவையை வியாபார முறையில் தொடங்கியது. 2024 நவம்பரில் அதே ரிலையன்ஸின் வயாகாம் 18 கம்பெனியும் டிஸ்னியின் ஸ்டார் இந்தியாவும் ஒன்றாயின. இவ்விணைப்பினால், விஜய் டிவியும், கிரிக்கெட் பந்தயங்களுக்குப் பெயர்பெற்ற இணையச் செயலியும், லக்ஷக்கணக்கான வீடுகளுக்குள் செல்லும் ஃபைபர் கம்பியும் ஒரு பெருநிறுவனத்தின் குடையின் கீழ் வந்துவிட்டன. முன்பு ஒரு மாகாணத்தில் கண்ட காட்சியை இன்று தேசம் முழுவதிலும் காண்கிறோம். இதனால் தீமையே விளையுமென்று நாம் தீர்ப்புக் கூற வரவில்லை. காட்சியை விற்பவரே வழியையும் விற்கும்போது, பிறருடைய காட்சிக்கு அவ்வழியில் சமமான இடம் கிடைக்குமா என்று கவலைப்படுவது பிரஜைகளின் கடமை என்று மட்டும் சொல்லுகிறோம்.

கட்டண விஷயத்தைப் பார்ப்போம். வேண்டிய சேனலுக்கு மட்டும் விலை கொடுத்தால் போதும் என்ற கொள்கையின் பேரில், டிராய் என வழங்கும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2017 மார்ச்சில் ஓர் உத்தரவு பிறப்பித்தது. சென்னை ஹைகோர்ட்டிலும் பின்னர் சுப்ரீம் கோர்ட்டிலும் அது எதிர்க்கப்பட்டு, 2018 அக்டோபரில் ஊர்ஜிதமாகி, 2019 பிப்ரவரி 1 முதல் அமலாயிற்று. அடிப்படைக் கட்டணமாக நூறு சேனல்களுக்கு மாதம் 130 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்பது அதன் விதி; வரியோடு சேர்த்து அது 153 ரூபாய் 40 காசு. 2020 இல் அதே தொகைக்கு இருநூறு சேனல்கள் என்று திருத்தினார்கள். ஆனால் 2024 ஜூலையில் இந்த உச்சவரம்பே நீக்கப்பட்டு, கட்டணத்தை நிர்ணயிப்பது கம்பெனிகளின் இஷ்டத்துக்கு விடப்பட்டது. போட்டி இருக்கிறது, ஆகையால் வரம்பு வேண்டாம் என்பது இதன் தாத்பரியம். அப்படியானால் ஜனங்களுக்கு எஞ்சிய காப்பு ஒன்றே ஒன்று: பிடிக்காத கம்பெனியை விட்டு விலகும் சக்தி. அந்தச் சக்தி உண்மையில் இருக்கிறதா?

இங்கேதான் பூட்டு வெளிப்படுகிறது. கைபேசி எண்ணை மாற்றாமலே கம்பெனியை மாற்றிக்கொள்ளும் உரிமை 2011 ஜனவரி முதல் இந்நாடு முழுவதிலும் இருந்து வருகிறது. அதன்பின், சந்தாதாரரை இழந்துவிடுவோமோ என்ற அச்சம் கம்பெனிகளுக்கு உண்டாயிற்று. வீட்டுத் தொலைக்காட்சிக்கோ அத்தகைய உரிமை இல்லை. ஒரு கம்பெனி கொடுத்த செட்டாப் பாக்ஸ் அந்தக் கம்பெனியின் ரகசியக் குறியீட்டை மட்டுமே அறியும். மறு கம்பெனியிடம் அது வெறும் தகரப் பெட்டி. ஒரே பெட்டியை எந்தக் கம்பெனிக்கும் பயன்படுத்தக் கூடியதாகச் செய்ய வேண்டுமென்ற நிபந்தனை, வீடுகளுக்கு நேரே வானிலிருந்து ஒளிபரப்பும் டி.டி.எச். கம்பெனிகளின் லைசென்ஸிலேயே 2001 முதல் இடம் பெற்றிருந்தது. 2020 ஏப்ரலில் டிராய் அதைக் கேபிளுக்கும் சேர்த்து மறுபடியும் சிபாரிசு செய்தது. ஆண்டுகள் உருண்டோடின, பெட்டிகளின் பூட்டுத் திறந்தபாடில்லை. ஏட்டில் எழுதிய உரிமை வீட்டுக்கு வந்து சேராவிட்டால் அதனால் யாருக்கு என்ன பயன்?

பெட்டியை இலவசமாகவோ, அடக்க விலைக்கும் குறைவாகவோ நாங்கள் கொடுக்கிறோம், அந்தச் செலவை மீட்கும்வரை சந்தாதாரர் எங்களிடம் இருப்பதுதானே நியாயம் என்று கம்பெனிகள் வாதிக்கலாம். வாதத்தில் சாரமுண்டு, மறுக்கவில்லை. ஆனால் அதற்கு ஒரு காலவரம்பு வேண்டும். வீடு கட்டக் கடன் கொடுத்தவனும் கடன் தீர்ந்தபின் பத்திரத்தைத் திருப்பித் தருகிறான். பெட்டியின் விலை தீர்ந்த பிறகும் பூட்டைத் திறக்க மறுப்பது நியாயமாகாது.

இத்தகைய நிலைமையில், மாறுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் குடும்பத் தலைவர் முதலில் வருஷக் கணக்கைப் போட வேண்டும். உதாரணமாக, இப்போது இணையத்துக்கு மாதம் 499 ரூபாய் கொடுப்பவரிடம் ஒருவர் வந்து, எங்களிடம் 399 ரூபாய்தான் என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 18 வீதம் வரியைச் சேர்த்தால் முன்னது 588 ரூபாய் 82 காசு. பின்னது 470 ரூபாய் 82 காசு. மாதம் 118 ரூபாய் மிச்சம். வருஷத்துக்கு 1,416 ரூபாய். ஆனால் புதிய இணைப்புக்கு ஆயிரம் ரூபாயும், புதிய பெட்டிக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாயும் கேட்டால், அந்தச் செலவு ஈடாவதற்கே இருபத்தொரு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் சலுகைக் காலம் முடிந்து விலை ஏறிவிட்டால் லாபம் எங்கே? விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் இருப்பது முதல் மாத விலை. பொடி எழுத்தில் இருப்பதே நாம் கொடுக்கப்போகும் விலை.

இரண்டாவது, வேகத்தைப் பற்றியது. நூறு மெகாபிட் வேகம் என்று பறைசாற்றுகிறார்கள். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே, நூறு மெகாபிட் என்றால் வினாடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்தான் வரும். தெளிவான ஒரு படத்தைப் பார்க்க ஐந்து மெகாபிட் போதும்; நான்கு அறைகளில் நால்வர் நான்கு படங்கள் பார்த்தாலும் இருபதுதான் ஆகிறது. மேலும், ஃபைபர் கம்பி உங்கள் வீட்டுக்கென்றே தனியாக வருவதன்று. பெரும்பாலும் வழங்கிவரும் ஜிபான் முறையில், வினாடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட் சுமக்கும் ஒரு கம்பியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். அறுபத்துநான்கு வீட்டாரும் ஏககாலத்தில் முழு வேகத்தைக் கேட்டால் ஆளுக்கு முப்பத்தொன்பதுதான் கிடைக்கும். ஆற்று மதகில் வரும் தண்ணீர் எவ்வளவு என்பதைவிட, எத்தனை வயல்களுக்கு அது பாய வேண்டும் என்பதல்லவா முக்கியம்? ஆகையால் விற்பனைக்காரரின் வாக்கை நம்புவதை விட்டு, அந்தக் கம்பெனியின் இணைப்பை வைத்திருக்கும் பக்கத்து வீட்டாரிடம் இரவு ஒன்பது மணிக்கு வேகம் எப்படி, மழை நாளில் பழுதானால் எத்தனை நாளில் வருகிறார்கள் என்று விசாரிப்பதே விவேகம். அந்த விசாரணைக்குச் செலவும் இல்லை.

மூன்றாவது, தொலைக்காட்சியையும் இணையத்தையும் ஒரே கட்டாக ஒரே கம்பெனியிடம் வாங்குவதா என்பது. சேர்த்து வாங்கினால் மலிவு என்பது பல சமயங்களில் உண்மையே. ஆனால் கம்பி அறுந்தால் இரண்டும் ஒருமிக்க நின்றுபோம். கம்பெனியோடு பிணக்கு வந்தாலும் இரண்டையும் ஒருங்கே இழக்க வேண்டும். 2022 நவம்பரில் மென்பொருள் கோளாறினால் அரசு கேபிள் ஒளிபரப்புத் தடைப்பட்டபோது, லக்ஷக்கணக்கான பெட்டிகள் செயலற்றுப் போயின. இணையத்தை வேறிடத்தில் வைத்திருந்த வீட்டாருக்குச் செய்தி அறிய ஒரு வழியாவது இருந்தது. ஆகவே, விலை வித்தியாசம் அற்பமாயின் இரண்டையும் வெவ்வேறு கைகளில் வைத்திருப்பதே உத்தமம். இரண்டுக்கும் கொடுக்க வசதியில்லாதவர்கள், பிரசார் பாரதி நடத்தும் டிடி ஃப்ரீ டிஷ்ஷையும் கருதிப் பார்க்கலாம். தமிழ்ச் சேனல்கள் அதில் குறைவுதான். எனினும் பெட்டிக்கும் டிஷ்ஷுக்கும் ஒரு முறை கொடுத்த பிறகு மாதக் கட்டணம் கிடையாது.

ஊர்க் கேபிள்காரரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லுவது தர்மம். நாடெங்கும் 2020 இன் இறுதியில் 7 கோடியை எட்டியிருந்த டி.டி.எச். சந்தாதாரர் தொகை 2025 இல் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டது. பெரிய கம்பெனிகளே இணையத்தின் வேகத்தில் இப்படிக் கரைகின்றன என்றால், தெருவில் ஏணியைத் தூக்கித் திரியும் சிறு தொழிலாளியின் கதி என்ன? கூப்பிட்ட குரலுக்கு வருகிறவர் அவர். தொலைபேசியில் எண்ணை அழுத்து, எண்ணை அழுத்து என்று நம்மை அலைக்கழிப்பவர் அல்லர். அவருடைய சேவைக்குக் கணக்கில் ஒரு விலை போட்டுத்தான் ஆகவேண்டும். ஆனால் தாக்ஷிண்யத்தின் பேரில் மட்டும் ஒரு தொழில் நிலைக்காது. அவரும் ரசீது கொடுத்து, சேனல் பட்டியலைக் காட்டி, வேண்டாத சேனலை நீக்கித் தருவாராயின், அவரை விட்டு விலக எவருக்கும் மனம் வராது.

எல்லாவற்றையும் சீர்தூக்கிய பின் மாறுவதென்று தீர்மானித்தவர்கள் சில காரியங்களில் கண்டிப்பாக இருக்க வேண்டும். புதிய இணைப்பு ஒரு வாரம் சரியாக ஓடிய பிறகே பழையதைத் துண்டியுங்கள். துண்டிக்கும் கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள். மோடத்தைத் திருப்பிக் கொடுத்தால் ரசீது வாங்குங்கள்; இல்லையேல் பிணைத்தொகையை மறந்துவிட வேண்டியதுதான். ஓராண்டுப் பணத்தை முன்கூட்டி வாங்கிக்கொள்ளும் சலுகையில், இடையில் விலகினால் மீதி திரும்புமா என்று முதலிலேயே கேளுங்கள். தகராறு முற்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. தொலைத்தொடர்புக் கம்பெனியின் பேரில் நுகர்வோர் கமிஷனிடம் முறையிடத் தடையில்லை என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டும் தெளிவாக்கிவிட்டது. ஐந்நூறு ரூபாய்க்காக யார் வழக்காடுவார்கள் என்ற நம்பிக்கையில்தான் பல அநீதிகள் நடமாடுகின்றன.

தனி மனிதர்களின் ஜாக்கிரதை மட்டும் போதாது. பொது வாழ்வில் ஈடுபட்டோர் இதைக் கிளர்ச்சிக்குரிய விஷயமாக ஏற்றுக்கொள்ள வேண்டும். கேட்க வேண்டியவை மூன்று: பெட்டியின் விலை தீர்ந்த பின் அதன் பூட்டைத் திறந்துவிட வேண்டும், அடுக்குமாடிக் கட்டடங்களிலும் குடியிருப்புகளிலும் ஒரே கம்பெனிக்கு மட்டும் வாசலைத் திறந்துவிடும் ஒப்பந்தங்கள் ஒழிய வேண்டும், கம்பி யாருடையதாயினும், சர்க்காருடையதே ஆயினும், எந்தச் செய்திச் சேனலையும் காரணம் எழுதிக் காட்டாமல் நிறுத்தும் அதிகாரம் எவருக்கும் இருத்தலாகாது. இவற்றைக் கட்சி பேதமின்றிக் கேட்கலாம். இன்று ஆள்பவர் நாளை எதிர்க்கட்சியாக உட்காரும் நாள் வரும். அப்போது அவர் குரலும் இதே கம்பியின் வழியாகத்தான் வீடுகளை எட்ட வேண்டும்.

விலக முடியும் என்று தெரிந்து ஒரு கம்பெனியில் தங்கியிருப்பவன் வாடிக்கைக்காரன். விலக முடியாமல் தங்கியிருப்பவன் அதன் குடியானவன். தமிழ்நாட்டுக் குடும்பங்கள் இவ்விரண்டில் எதுவாக இருக்கப்போகின்றன என்பதை ஜனங்களும் அவர்களுடைய பிரதிநிதிகளும் தாமதமின்றித் தீர்மானிக்க வேண்டும்.