கம்பி வடம் அறுவது ஏன்?

போர்ச்சுகல் நாட்டின் தலைநகரம் லிஸ்பன். மேடும் பள்ளமுமான ஊர். அங்கே "குளோரியா" என்ற இழுவை ரெயில் 1885-ம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பழனி மலையில் இழுவை ரெயிலில் ஏறியவர்களுக்கு, அது எப்படிப்பட்டது என்று உடனே விளங்கிவிடும். லிஸ்பனில் அது மலைக்கோவிலுக்குப் போகவில்லை. ஊருக்குள்ளேயே, செங்குத்தான ஒரு தெருவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

கிணற்றுக் கப்பியில் கயிற்றின் இரண்டு முனையிலும் வாளி கட்டுவது உண்டு அல்லவா? ஒரு வாளி இறங்கினால் மற்ற வாளி ஏறும். குளோரியா ரெயிலும் அப்படித்தான். இரண்டு பெட்டிகள், இரண்டையும் இணைப்பது ஒரே ஒரு உருக்குக் கம்பி வடம். தெருவின் மேல் முனையில், தரைக்கு அடியில் உள்ள சக்கரத்தைச் சுற்றி அந்த வடம் ஓடும்.

2025-ம் ஆண்டு செப்டம்பர் 3-ந் தேதி மாலை, மேலே இருந்த பெட்டி பயணிகளுடன் கீழே புறப்பட்டது. புறப்பட்டவுடனேயே வடம் விட்டுப்போயிற்று. பிரேக் பிடிக்கும் ஊழியர் உடனே பிரேக் போட்டார். பெட்டி நிற்கவில்லை. சரிவில் பாய்ந்து, வளைவில் தடம் புரண்டு, கட்டிடத்தில் மோதி நொறுங்கியது. எல்லாம் ஒரு நிமிடத்திற்குள் முடிந்துவிட்டது. அந்த ஊழியர் உள்பட 16 பேர் மாண்டார்கள். வெளிநாடுகளில் இருந்து ஊர் பார்க்க வந்தவர்களே அதிகம்.

உருக்கு வடம் அறுமா? யானையைக் கட்டித் தூக்கினாலும் தாங்கும் என்கிறோமே, அது எப்படி அறுந்தது? இந்தக் கேள்விக்கு விடை காண வேண்டுமானால், கம்பி வடம் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கிலிக்குப் பதில் வடம்

சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு சுரங்கங்களில் சணல் வடங்களையும் இரும்புச் சங்கிலிகளையும்தான் பயன்படுத்தினார்கள். சணல் வடம் ஈரத்தில் மக்கிப்போகும். சங்கிலியோ சொல்லாமல் கொள்ளாமல் அறும். அதில் நூறு வளையங்கள் நன்றாக இருந்தும் பயன் இல்லை. ஒரு வளையம் போனால் எல்லாமே போயிற்று!

ஜெர்மனியில் ஹார்ஸ் மலைப்பகுதியில் கிளவுஸ்தால் என்ற சுரங்க ஊர் இருக்கிறது. அங்கே சுரங்க அதிகாரியாக இருந்தவர் வில்ஹெல்ம் ஆல்பர்ட். 1834-ம் ஆண்டில் அவர் ஒரு புது வழி கண்டார். நான்கு இரும்புக் கம்பிகளை முறுக்கி ஒரு புரி ஆக்கினார். அப்படி மூன்று புரிகளைச் சேர்த்து முறுக்கினார். மொத்தம் 12 கம்பிகள். உலகின் முதல் நவீன கம்பி வடம் அதுதான். கையாலேயே முறுக்கப்பட்டது!

இதில் என்ன விசேஷம்? பன்னிரண்டில் ஒரு கம்பி அறுந்தால், மற்ற பதினொன்றும் பாரத்தைத் தாங்கும். அறுந்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். "என்னை மாற்று" என்று அது நமக்குச் சொல்கிறது. சங்கிலி எச்சரிக்கை செய்யாது. வடம் எச்சரிக்கை செய்யும்.

1841-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஜான் ரோப்ளிங் என்ற என்ஜினீயர் இதே வேலையைத் தொடங்கினார். பென்சில்வேனியாவில் படகுகளை மலைச்சரிவின் மேல் சணல் வடத்தால் இழுத்துக் கொண்டுபோவார்கள். அந்தச் சரிவுகளுக்காகவே அவர் கம்பி வடம் செய்தார். புல்வெளியில் கம்பிகளை நீளமாகப் பரப்பி, ஆட்கள் நின்று முறுக்கினார்கள். ஏறக்குறைய அதே காலத்தில் இங்கிலாந்தில் நியூவால் என்பவர், வடம் முறுக்கும் எந்திரத்துக்கு 1840-ம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதற்குப் பின் வேலை கையை விட்டு எந்திரத்துக்குப் போயிற்று.

எந்திரம் செய்யும் வேலை

இன்றைய தொழிற்சாலையில் வேலை மூன்று கட்டமாக நடக்கிறது.

முதல் கட்டம், கம்பி இழுப்பது. பொற்கொல்லர் தங்கக் கம்பியைத் துளையில் செருகி இழுத்து மெலிதாக்குவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே தத்துவம்தான். சுண்டுவிரலை விட மெல்லிய உருக்குக் கம்பியை, மிகக் கடினமான உலோகத்தால் ஆன சிறு துளை வழியாக எந்திரம் இழுக்கிறது. அடுத்த துளை அதைவிடச் சிறியது. அதற்கு அடுத்தது இன்னும் சிறியது. இப்படித் துளைக்குத் துளை கம்பி மெலிகிறது. ஆச்சரியம் என்னவென்றால், மெலிய மெலிய அதன் உறுதி கூடுகிறது! ஆனால் கூடவே முறியும் தன்மையும் வந்துவிடும். அதனால் கம்பியை நெருப்பாகப் பழுக்கக் காய்ச்சி, உருகிய ஈயத் தொட்டியில் விட்டு எடுத்துப் பதப்படுத்துகிறார்கள். பிறகு மீண்டும் இழுக்கலாம்.

இப்படித் தயாரான கம்பி எவ்வளவு தாங்கும் தெரியுமா? ஒரு மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒற்றைக் கம்பி சுமார் 140 கிலோ எடையைத் தாங்கும். வீடு கட்டும் இரும்புக் கம்பியின் உறுதியைப்போல் இது ஏறக்குறைய மூன்று மடங்கு.

இரண்டாவது கட்டம், புரி முறுக்குவது. நீண்ட குழாய்போல ஓர் எந்திரம். அதனுள் வரிசையாகக் கம்பி சுற்றிய பாபின்கள். குழாய் படுவேகமாகச் சுழலும். பாபின்களோ தொட்டிலில் கிடக்கும் குழந்தைபோல் அசையாமல் கிடக்கும். கம்பிகள் குழாயின் ஓரமாக ஓடி வந்து, முன்பக்கத்தில் ஒரே துளையில் ஒன்றுசேர்ந்து முறுக்கிக்கொள்ளும். முறுக்கு நெருக்கமாக வேண்டுமா, தளர்வாக வேண்டுமா என்பதை, குழாய் சுழலும் வேகமும் புரியை இழுக்கும் வேகமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. கயிறு திரிப்பவருடைய கைப்பக்குவத்தை இங்கே பற்சக்கரங்கள் பார்த்துக்கொள்கின்றன.

மூன்றாவது கட்டம், வடம் முறுக்குவது. இன்னும் பெரிய எந்திரம். நடுவில் ஒரு நடுக்கயிறு ஓடும். அது நாராகவும் இருக்கலாம், உருக்காகவும் இருக்கலாம். அதைச் சுற்றி, பெரும்பாலும் ஆறு புரிகள் முறுக்கிக்கொள்ளும். புரிகள் சேரும் முன்பே சிறு உருளைகளுக்கு இடையே ஓடி, சுருள்போல வளைந்துவிடுகின்றன. அதனால்தான் நல்ல வடத்தை வெட்டினால் முனை விரிந்து சிலிர்த்துக்கொள்வதில்லை. உள்ளே எண்ணெய்ப் பசையும் ஊட்டுகிறார்கள். வடம் சக்கரத்தில் வளையும்போது கம்பியோடு கம்பி உரசும். பசை இல்லாவிட்டால் தேய்ந்துபோகும், துருவும் பிடிக்கும்.

புரிக்கு 36 கம்பி, ஆறு புரி என்றால் மொத்தம் 216 கம்பிகள்! ஒவ்வொன்றும் தன் பங்கு பாரத்தைச் சரியாகச் சுமக்க வேண்டும். ஒன்று இறுக்கமாகவும் மற்றொன்று தளர்வாகவும் இருந்தால், இறுகிய கம்பிதான் முதலில் அறும். பிறகு அதன் பாரமும் அடுத்ததின் தலையில் ஏறும். எல்லாக் கம்பிகளையும் ஒரே இழுவையில் வைத்துக்கொள்வதுதான் இந்த எந்திரங்களின் முழுத் திறமை. கடைசியில், வடத்தில் ஒரு துண்டை வெட்டி, அறும்வரை இழுத்துப் பார்க்கிறார்கள். எத்தனை டன்னில் அறுந்தது என்று எழுதிச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

நம் நாட்டிலும் இந்தத் தொழில் உண்டு. ராஞ்சியில் 1960-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த உஷா மார்ட்டின் ஆலை, இன்று உலகின் பெரிய கம்பி வட நிறுவனங்களில் ஒன்றாக விளங்குகிறது.

பார்வைக்கு ஒன்று, வேலைக்கு வேறு

இப்போது லிஸ்பனுக்குத் திரும்புவோம்.

ஒரே ஆலையில், ஒரே மாதிரி எந்திரத்தில், பலவகை வடங்கள் பிறக்கின்றன. கப்பலைக் கட்ட ஒன்று, கிரேனுக்கு ஒன்று, லிப்டுக்கு ஒன்று. சுழலும் பொருத்தில் மாட்டினால் சில வடங்கள் முறுக்கு அவிழ்ந்து பலம் இழக்கும். சில வடங்கள் அதற்கென்றே முறுக்கப்பட்டவை. ஆனால் வெளியே இருந்து பார்த்தால் எல்லாம் ஒரே கறுத்த, பிசுபிசுத்த வடம்தான்! அரிசியும் புழுங்கலா பச்சையா என்று கண்ணுக்குத் தெரியும். வடத்தின் குணம் கண்ணுக்குத் தெரியாது. காகிதத்தில்தான் தெரியும்.

போர்ச்சுகல் அரசின் விபத்து விசாரணைக் குழு, 2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் முதற்கட்ட அறிக்கை வெளியிட்டது. அதில் சொல்லப்பட்ட செய்திகள் திடுக்கிட வைக்கின்றன. அறுந்த வடம், ரெயிலை நடத்தும் நிறுவனம் தானே வகுத்த விதிமுறைக்கு ஏற்றதாக இல்லை. பயணிகள் போக்குவரத்துக்கான சான்றிதழ் அதற்கு இல்லை. முனையில் இருந்த சுழலும் பொருத்துடன் சேர்த்துப் பயன்படுத்தவும் அது ஏற்றதல்ல.

அந்த வடத்துக்கு 600 நாள் ஆயுள் என்று கணக்கு. 337 நாட்கள்தான் உழைத்திருந்தது. அன்று காலையில் பார்வையிட்டதில் குறை எதுவும் தெரியவில்லை என்று பதிவாகியிருக்கிறது. எப்படித் தெரியும்? அறுந்த இடம், பெட்டிக்கு அடியில் வடம் பொருத்தப்பட்ட முனை. கழற்றிப் பார்த்தால் ஒழிய அந்த இடம் கண்ணுக்குத் தெரியாது!

தவறான வடம்தான் விபத்துக்குக் காரணம் என்று அந்த முதற்கட்ட அறிக்கை முடிவு கட்டவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் வடம் தன் எச்சரிக்கையைச் சொல்லும் இடத்தில் பார்க்கக் கண் இல்லை என்பது மட்டும் உறுதி.

இன்னொன்றும் உண்டு. வடம் போனாலும் உயிர் போகாமல் தடுக்க வேண்டியது பிரேக். லிப்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1854-ம் ஆண்டில் நியூயார்க் பொருட்காட்சியில் எலிஷா ஓட்டிஸ் என்பவர் தூக்கு மேடையில் ஏறி நின்று, அதன் கயிற்றை வெட்டச் சொன்னார். கூட்டம் பதறியது. மேடை விழவில்லை. பற்கள் பிடித்து நிறுத்திவிட்டன. இன்றும் லிப்ட் வேகம் மீறினால், தண்டவாளத்தைக் கவ்விப் பிடிக்கும் அமைப்பு தானாக வேலை செய்கிறது. குளோரியாவில் பிரேக் இருந்தது. ஆனால் இரண்டு பெட்டிகளும் வடத்தால் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்திருக்கும் வரைதான் அது போதும். வடம் போனபின் தனிப்பெட்டியை நிறுத்தும் சக்தி அதற்கு இல்லை.

ஒரு விபத்து அல்ல

2021-ம் ஆண்டு மே மாதம் இத்தாலியில் மொத்தரோனே மலையில் தொங்கு ரெயிலின் வடம் அறுந்து 14 பேர் இறந்தார்கள. அங்கே அவசர பிரேக் இருந்தும், அடிக்கடி வண்டியை நிறுத்துகிறது என்று அதை வேலை செய்யாமல் தடுத்து வைத்திருந்தார்கள்! 2025-ம் ஆண்டு ஏப்ரலில் அதே நாட்டில் நேப்பிள்ஸ் அருகே வடம் அறுந்து 4 பேர் இறந்தார்கள். லிஸ்பன் விபத்து நடந்த மூன்றாம் நாள், குஜராத்தில் பாவாகத் மலையில் சரக்கு ஏற்றும் ரோப் காரின் வடம் அறுந்து 6 பேர் இறந்தார்கள்.

பழைய கதை ஒன்றும் நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கில் புரூக்ளின் தொங்கு பாலம் கட்டியபோது, 1878-ம் ஆண்டில் ஒரு மோசடி வெளியாயிற்று. கம்பி கொடுத்த ஒப்பந்தக்காரர், சோதனைக்கு நல்ல கம்பியைக் காட்டிவிட்டு, பாலத்துக்கு மட்டக் கம்பியை அனுப்பிக்கொண்டிருந்தார். பாலத்தில் ஏறிவிட்ட மட்டக் கம்பியைப் பிரித்தெடுக்க வழி இல்லை. ஒவ்வொரு வடத்திலும் 150 நல்ல கம்பிகளைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். தேவையைப்போல் ஆறு மடங்கு வலுவாகப் பாலத்தை முன்பே திட்டமிட்டிருந்ததால் ஆபத்து நேரவில்லை. 1883-ம் ஆண்டு திறந்த அந்தப் பாலம் இன்றும் நிற்கிறது.

நமக்கு என்ன?

வடம் அறுந்தது என்று பத்திரிகையில் படித்தால், "இரும்புதானே, என்றைக்காவது அறும்" என்று சொல்லிவிடுகிறோம். அது சரியல்ல. எந்திரம் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. 216 கம்பிகளில் ஒவ்வொன்றுக்கும் சமமாகப் பாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. மனிதர்கள் பங்கிட்டுக்கொண்ட பொறுப்பில்தான் ஓட்டை விழுகிறது. வாங்கியவர் காகிதத்தைப் பார்க்கவில்லை, மாட்டியவர் கேட்கவில்லை, சோதித்தவர் கண்ணுக்குத் தெரிந்த இடத்தை மட்டும் பார்த்தார்.

ரோப் கார் பராமரிப்புக்காக நிறுத்தம் என்று அறிவிப்புப் பலகை தொங்கினால் முகம் சுளிக்கிறோம். குழந்தை குட்டிகளோடு வந்து ஏமாந்தோமே என்று வருந்துகிறோம். அன்று படியேறிப் போவோம், நல்லதுதான். வடத்தைக் கழற்றி, மறைந்திருக்கும் முனையைப் பார்க்க யாரோ ஒருவர் உள்ளே குனிந்திருக்கிறார் என்று அதற்குப் பொருள். அப்படி நிறுத்தாத இடத்தில்தான் நாம் கேள்வி கேட்க வேண்டும்: "இந்த வடம் ஆளை ஏற்றுவதற்கு உரியதா? கடைசியாக எப்போது கழற்றிப் பார்த்தீர்கள்? வடம் போனால் பிரேக் நிற்குமா?"

மூன்றே கேள்விகள். லிஸ்பனில் யாராவது ஒருவர் இவற்றைக் கேட்டு, நேர்மையான பதிலையும் பெற்றிருந்தால், அந்த 16 பேரும் அன்று மாலை வீடு திரும்பியிருக்கக்கூடும்.