நிலத்தடி ஆற்றுக்குக் கதவு எது?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கற் படையுட் புகுந்து, உவர்நீரின்மேல் நன்னீராய்த் தங்கி நிற்பதே நம் ஆறு. புத்தூரையடுத்த நிலாவரைக் கிணறு இதற்குச் சான்று: மேலே நன்னீர், ஆழத்தில் உவர்நீர். அளவுமீறி இறைப்பின் உவர் மேலெழும் எனப் பொறியியலார் என்றோ உரைத்துவிட்டனர்.

ஆயின், எவர், எப்போது, எவ்வளவு இறைப்பது? இவ்வினாவுக்குச் சீமெந்து விடை கூறாது. பங்குக் கிணற்றில் முறைவைத்து இறைத்த நம் முன்னோர் விடை அறிந்திருந்தனர். கிணறுகளைச் சாதியின் பெயரால் பலருக்கு மறுத்தவரும் அவர்களே. ஆதலின் பழமையைப் போற்றி அமைதலும் தகாது.

கல்லோயாவை நோக்குக. அங்கு 1980களின் தொடக்கத்தில், கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் பட்டதாரிகளை இடதுகரை வாய்க்கால்களுக்கு அனுப்பின. அவர்கள் கமக்காரரிடையே வாழ்ந்து, சிறு குழுக்களை உருவாக்கினர். நீர் அருகிய காலத்திலும் தலைமடையார் கடைமடையார்க்கு நீர் விட்டனர். அக்கடைமடையாருள் தமிழரும் இருந்தனர்.

அது வாய்க்கால், இது கிணறு என்பார்க்கு ஒன்று கூறுவோம். வாய்க்காலுக்காவது பூட்டுதற்குக் கதவுண்டு. நிலத்தடி நீருக்கு மக்களின் உடன்பாடே கதவு. அவ்வுடன்பாடு எவ்வாறு பிறக்கும், எதனாற் குலையும் என ஆராய்வது சமூகவியலின் கடன். கிணறுகளை எண்ணுவோர் பலர். கிணற்றைச் சூழ்ந்து வாழ்வோரை அறிய முனைவோர் எத்தனை பேர்? மாணவரும் விரிவுரையாளரும் வலிகாமத்துத் தோட்டங்களுக்குச் செல்லுதல் வேண்டும். இறைப்பு முறையைக் கமக்காரரே வகுக்கட்டும், நாம் உடனிருப்போம். உவர் எழுமுன் நாம் எழுவோமாக!