பிழை டிஜிற்றலில் இல்லை, லெவலில்

கிற்றார் பெடல்களைப் பற்றிக் கதை தொடங்கினால் யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்லுவார்: "அம்புக்குள்ள டிஜிற்றலை விட்டால் சவுண்ட் செத்துப்போகும்." இதை நம்பி, நல்லா வேலை செய்யிற மல்ரி எஃபெக்ட்ஸை அரை விலைக்கு வித்துப்போட்டு அனலொக் பெடலுக்குக் காசு சேர்க்கிற ஆக்கள் இருக்கினம். எங்களுக்கு இதில உடன்பாடு இல்லை. பெரும்பாலும் பழுது பெட்டியில இல்லை, பெட்டியை லூப்பில பூட்டின விதத்திலதான்.

அம்புக்குள்ள இரண்டு பகுதி இருக்கு. ப்ரீஅம்ப் டோனையும் டிஸ்ரோஷனையும் தருகிறது, பவர் அம்ப் சத்தத்தைத் தருகிறது. டிலேயை முன்னுக்கு, கிற்றாருக்கும் அம்புக்கும் நடுவில போட்டால், எதிரொலிகளும் சேர்ந்து ப்ரீஅம்பில உடைந்து சேறாகிவிடும். எஃபெக்ட்ஸ் லூப் இருப்பதே இதற்காகத்தான். ப்ரீஅம்ப் முடிந்த இடத்தில 'சென்ட்' வழியாக வெளியே போய், 'ரிற்றேர்ன்' வழியாகப் பவர் அம்புக்குத் திரும்பலாம். டிலேயும் ரிவேர்ப்பும் அங்கே. வாவும் ஓவர்ட்ரைவும் முன்னுக்கே இருக்கட்டும்.

முதல் சிக்கல் லெவல். சில லூப்கள் −20 டெசிபல் அளவில சிக்னலை அனுப்பும், சில +4 இல் அனுப்பும். இடைவெளி 24 டெசிபல், அதாவது வோல்ற்றேஜில ஏறத்தாழ 16 மடங்கு. கிற்றார் சிக்னலுக்கெண்டு செய்த பெடலுக்குள்ள இவ்வளவும் போனால் என்ன நடக்கும்? ரியூப் என்றால் மெல்ல மெல்ல வளைந்து கொடுக்கும். டிஜிற்றலுக்கு ஒரு கூரை உண்டு, அதைத் தாண்டினதெல்லாம் தட்டையாக வெட்டுப்படும். அந்தக் கரகரப்பைத்தான் கனபேர் "டிஜிற்றல் சவுண்ட்" எண்டு திட்டுகினம். ரோலண்ட் ஜேசி-120 போன்ற அம்புகளின் பின்பக்கம் இதற்கெண்டே ஒரு சுவிட்ச் இருக்கு. பெடல் போட்டால் −20 இல் வையுங்கோ. சுவிட்ச் இல்லாவிட்டால் சென்ட் லெவலைக் குறையுங்கோ, அல்லது பெட்டியின்ர இன்புட்டை 'லைன்' ஆக்குங்கோ.

இரண்டாவது, லூப் சீரிஸா பரலலா எண்டதைப் பாருங்கோ. பரலல் லூப்பில சிக்னலின் ஒரு பங்கு நேராகப் போகும், மற்றது பெட்டிக்குள்ளால போகும். சிக்னலை இலக்கமாக்கித் திருப்பித் தர டிஜிற்றல் பெட்டிக்கு ஒன்றிரண்டு மில்லிசெக்கன் தேவை. பெட்டி எஃபெக்ட்டோடு மூல ஒலியையும் அனுப்பினால், பிந்தி வருகிற அந்த ஒலி நேரே வந்ததோடு மோதும். 1 மில்லிசெக்கன் பிந்தினால் 500, 1500 ஹேர்ட்ஸ் என்று வரிசையாகப் பள்ளம் விழும். சவுண்ட் குழாய்க்குள்ளால வாற மாதிரிக் கேட்கும். இங்கே பெட்டியின் மிக்ஸை 100 வீதம் எஃபெக்ட்டில வைத்து, அளவை அம்பில கூட்டிக் குறைக்க வேண்டும். சீரிஸ் லூப்பில முழுச் சிக்னலும் பெட்டிக்குள்ளாலதான் போகும், ஆகவே மிக்ஸைப் பெட்டியிலேயே குறைவாக வையுங்கோ. அங்கே 2 மில்லிசெக்கன் பிந்துவது, ஸ்பீக்கரில இருந்து இன்னும் 70 சென்ரிமீற்றர் தள்ளி நிற்பதற்குச் சமன். அது ஒருத்தருக்கும் தெரியாது.

மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேணும். மலிவான சில பெட்டிகள் இரையும், முழுச் சிக்னலும் அதுக்குள்ளால போனால் அந்த இரைச்சல் கேட்கும். டிஸ்ரோஷனைப் பெடலில எடுத்து அம்பைக் கிளீனாக வைத்திருக்கிற ஆளுக்கு லூப்பே தேவையில்லை, டிஸ்ரோஷன் பெடலுக்குப் பின்னால டிலேயைப் போட்டால் போதும்.

எதையும் விற்க முதல் ஒரு சோதனை செய்யுங்கோ. சென்டையும் ரிற்றேர்னையும் ஒரு சின்னக் கேபிளால நேரே இணைத்து வாசியுங்கோ. பிறகு, எஃபெக்ட்டை அணைத்து பெட்டியை நடுவில வைத்து, அதே சத்த அளவில வாசியுங்கோ. சத்தம் கூடினதுதான் காதுக்கு எப்பவும் நல்லாக் கேட்கும், அதால அளவு ஒத்திருக்க வேண்டும். வித்தியாசம் கேட்டால் மேலே சொன்ன லெவலையும் மிக்ஸையும் சரிபாருங்கோ. அதுக்குப் பிறகும் பிடிக்காவிட்டால் விற்கலாம். காசு உள்ளவருக்கு இந்த வேதவாக்கால பெரிய நட்டமில்லை, இன்னொரு பெடல் வாங்குவார். ஒரேயொரு பெட்டியை வைத்து வாசிக்கிற பிள்ளைதான் இருக்கிறதையும் இழக்கிறது.