ஜாதிக் கணக்கும் கேள்விப் பத்திரமும்

அடுத்த ஜனத்தொகைக் கணக்கில் எல்லா ஜாதியாருடைய கணக்கையும் சேர்த்து எடுப்பதென்று இந்திய சர்க்கார் 2025-ம் வருஷம் ஏப்ரல் 30-ந் தேதி முடிவு செய்தார்கள். 2027-ம் வருஷம் மார்ச்சு 1-ந் தேதியே கணக்கு நாள் என்றும் பிறகு அறிவித்தார்கள். இம்முடிவு வெளிவந்தது முதல் சிலர் நம்மைப் பார்த்து, "ஜாதி ஒழிய வேண்டுமென்று மேடைதோறும் கத்துகிற நீங்களே ஜாதியைக் கேட்டு எழுதச் சொல்லலாமா?" என்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். அதற்குப் பதில் சொல்ல வேண்டியது நமது கடமையுமாகும்.

நோய் தீர வேண்டுமென்கிற வைத்தியன்தான் முதலில் நாடி பார்க்கிறான். நாடி பார்த்ததனால்தான் ஜுரம் வந்தது என்று எவனும் சொல்லுவதில்லை. 1951 முதல் எடுத்த கணக்குகளில் தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகிய இரு வகுப்பாரைத் தவிர மற்றவர்களிடம் ஜாதி கேட்கவில்லை. கேட்காமல் விட்ட இந்த 70-க்கு மேற்பட்ட வருஷங்களில் ஜாதி செத்துவிட்டதா? கலியாணப் பந்தலில் செத்ததா? கர்ப்பக்கிருகத்தில் செத்ததா? சுடுகாட்டிலாவது செத்ததா? கணக்குப் புஸ்தகத்தில் மறைந்ததே ஒழிய, நாட்டில் மறையவில்லை. மறைத்ததனால் லாபம் யாருக்கு? எத்தனை பேர் சாப்பிட வந்தார்கள் என்று எண்ணாத பந்தியில், முதலில் உட்கார்ந்தவன் வயிறுதான் நிறையும். 1980 டிசம்பரில் அறிக்கை கொடுத்த மண்டல் கமிஷன், பிற்படுத்தப்பட்டோர் 100-க்கு 52 பேர் என்று கூற 1931-ல் வெள்ளைக்காரன் எடுத்த கணக்கைத்தான் புரட்ட வேண்டியிருந்தது. சுயராஜ்யம் வந்து 33 வருஷம் ஆகியும் சொந்தக் கணக்கு இல்லையென்றால், இதைவிட மானக்கேடு வேறென்ன?

நிற்க, கேட்டுவிட்டால் மாத்திரம் போதுமென்று நாம் சொல்ல வரவில்லை. என்ன கேட்கிறது, எப்படிக் கேட்கிறது, யார் கேட்கிறது என்பவைகளில்தான் விஷயம் இருக்கிறது. 1901-ல் கணக்குக் கமிஷனராயிருந்த ரிஸ்லி துரை, எந்த ஜாதி உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று படிப்படியாக அடுக்கப் பார்த்தார். பலன் என்னவாயிற்று? "எங்கள் ஜாதியை மேலே போடுங்கள்" என்று மனுவுக்கு மேல் மனுவாக வந்து குவிந்தது. 1911-ல் வங்காளத்தில் வந்த மனுக்களின் எடை மாத்திரம் ஒன்றரை மணங்கு என்று அவ்வறிக்கையே கூறுகிறது. உயர்வு தாழ்வைக் கேட்டால் உயர்வு தாழ்வுதான் வளரும். நிலம் எவ்வளவு, படிப்பு எவ்வளவு, உத்தியோகம் எவ்வளவு என்று கேட்டால்தான் அக்கிரமம் வெளியாகும்.

2011-ல் நடந்தது இதற்கு நேர்மாறான கோளாறு. அப்போது எடுத்த சமூகப் பொருளாதார ஜாதிக் கணக்கில், ஜாதிகளின் ஜாபிதா ஒன்றைத் தயார் செய்து வைத்துக்கொள்ளாமல், ஜனங்கள் வாயில் வந்ததையெல்லாம் எழுதிக்கொண்டு போனார்கள். ஒரே ஜாதியைப் பத்து விதமாக எழுதினார்கள். கோத்திரத்தையும் குடும்பப் பெயரையும்கூட ஜாதி என்றே எழுதினார்கள். 1931-ல் 4,147 ஜாதிகளாயிருந்த இடத்தில் 46 லட்சம் பெயர்கள் வந்துவிட்டன, ஆகையால் இக்கணக்கு உபயோகப்படாது என்று 2021-ல் சுப்ரீம் கோர்ட்டில் சர்க்காரே சொல்லிவிட்டார்கள். பீகார் சர்க்காரோ ஒவ்வொரு ஜாதிக்கும் ஒரு எண் கொடுத்து ஜாபிதாவோடு போய்க் கேட்டு, 2023 அக்டோபர் 2-ந் தேதி கணக்கை வெளியிட்டார்கள். மிகவும் பிற்படுத்தப்பட்டோர் 100-க்கு 36.01, பிற்படுத்தப்பட்டோர் 27.12 என்றும், ஒதுக்கீடு இல்லாத பொதுப் பிரிவார் 15.52 என்றும் ஊரறிய ஏற்பட்டுவிட்டது. வித்தியாசம் கேள்விப் பத்திரத்தில் இருந்ததே தவிர, ஜனங்களிடத்தில் இல்லை.

அன்றியும், தலையெண்ணிக்கை ஒன்றே பிற்பட்ட தன்மையைக் காட்டிவிடாது. மண்டல் கமிஷன் 11 அடையாளங்களை வைத்துக்கொண்டு அளந்து பார்த்தது. பிறரால் தாழ்வாக எண்ணப்படுகிறார்களா, உடலுழைப்பையே நம்பிப் பிழைக்கிறார்களா, பள்ளிக்கூடம் பாராத பிள்ளைகள் எத்தனை, குடிதண்ணீர் அரை கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கிறதா என்பவை போன்றவைகளைப் பார்த்தது. சமூக அடையாளம் ஒன்றுக்கு 3, படிப்புக்கு 2, பொருளாதாரத்துக்கு 1 என்று மதிப்பிட்டு, மொத்தம் 22-ல் 11 வந்தால் பிற்பட்ட வகுப்பு என்றது. பணக் கஷ்டத்தைவிட இழிவுக்கு அதிக மதிப்புப் போட்டது என்பதைத் தோழர்கள் கவனிக்க வேண்டும்.

கேள்வியின் சூட்சுமத்துக்கு இன்னொரு உதாரணம் கூறுவோம். 2011-12-ல் டில்லியிலுள்ள ஒரு ஆராய்ச்சி நிலையமும் அமெரிக்க மேரிலண்டு சர்வகலாசாலையும் சேர்ந்து 42,000-க்கு மேற்பட்ட குடும்பங்களைக் கேட்டார்கள். முதலில், "உங்கள் வீட்டில் தீண்டாமை அனுசரிப்பவர் உண்டா?" என்றார்கள். இல்லை என்றவர்களை விட்டுவிடாமல், "தாழ்த்தப்பட்டவர் ஒருவர் உங்கள் சமையலறைக்குள் வந்தால், உங்கள் பாத்திரத்தை எடுத்துப் புழங்கினால் ஆட்சேபனை உண்டா?" என்று அடுத்தபடியாகக் கேட்டார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்ததில் 100-க்கு ஏறக்குறைய 27 குடும்பங்களில் தீண்டாமை இருப்பதாக ஏற்பட்டது. கொள்கையைக் கேட்டால் எல்லோரும் மகாத்மாவாகத்தான் பேசுவார்கள். சமையல்கட்டைக் கேட்டால்தான் யோக்கியதை தெரியும்.

ஆகவே, கேள்வி இரண்டு வகைப்படும். எத்தனை பேர் என்று கேட்பது ஒன்று. எப்படி, ஏன் என்று உட்கார்ந்து கேட்பது மற்றொன்று. ஒரு சேரியில் 20 பிள்ளைகள் பள்ளிக்கூடத்தை விட்டார்கள் என்று எண் சொல்லும். வாத்தியார் தனியாக உட்கார வைத்ததனால் விட்டார்களா, கூலிக்குப் போக வேண்டி விட்டார்களா என்பதை அந்தப் பிள்ளை வாய் திறந்தால்தான் அறியலாம். எண்ணில்லாத கதையை, "எங்கோ ஓரிடத்தில் நடந்தது" என்று தள்ளிவிடுவார்கள். கதையில்லாத எண்ணை, "அவர்கள் தலைவிதி" என்று சொல்லிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து நின்றால் தப்ப வழியில்லை. ஆனால், மிராசுதார் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு சேரிக் கணக்கு எழுதக் கூடாது. புருஷனை எதிரே வைத்துக்கொண்டு பெண்ணின் கஷ்டத்தைக் கேட்கக் கூடாது. பயந்தவன் கொடுக்கும் பதில் எதிரில் நிற்பவனுடைய பதிலேயாகும்.

சாஸ்திரம் யாரையும் கேட்டு எழுதப்பட்டதல்ல. நீ இப்படிப் பிறந்தாய், இப்படி இரு என்று அது கட்டளையிட்டதே தவிர, உனக்கு எப்படி இருக்கிறது என்று ஒரு நாளாவது கேட்டதா? கேட்பதும், வந்த பதிலை எண்ணுவதும், நம் அபிப்பிராயத்துக்கு விரோதமாய் வந்தாலும் ஒப்புக்கொள்வதும்தான் பகுத்தறிவு.

1929-ல் செங்கற்பட்டு மகாநாட்டில் ஜாதிப் பட்டத்தை விடும்படி தீர்மானித்த இயக்கத்தார் இன்று ஜாதியைச் சொல்லுவதா என்று தயங்கும் தோழர்களுக்கு ஒன்று கூறுகிறோம். நான் இன்ன ஜாதி என்று பெருமை பேசுவது வேறு. என்னை இன்ன ஜாதியில் தள்ளி இன்ன கேடு செய்தார்கள் என்று சாட்சி சொல்லுவது வேறு. முன்னதை விட்டோம், பின்னதை விட மாட்டோம். அடிபட்டவன் சாட்சி சொல்லாவிட்டால் அடித்தவன் நிரபராதியாகிவிடுவான்.

ஆதலால், கணக்கெடுப்பவர் வரும்போது ஒளியாமலும், கூட்டாமலும் குறைக்காமலும் பதில் சொல்லுங்கள். பெண்கள், "வீட்டுக்காரரைக் கேளுங்கள்" என்று உள்ளே போய்விடாமல் தாங்களே சொல்ல வேண்டும். எழுதினதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். கணக்கு முடிந்த பிறகு, அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் வெளியிடும்படி சர்க்காரைக் கேளுங்கள். இத்தனை காலமும் நம்மைப் பற்றி மற்றவர்கள் பேசினார்கள். இனி நாமே பேசுவோமாக.